கையெழுத்து இல்லாத எண்

நான் வேலை பார்க்கும் வங்கியில் ஒருவர் போட்ட பதிவை இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தந்தாலொழிய அது கணக்கில் ஏறாது. பேரேடுகள் போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகும் இது மாறவில்லை. முன்பு ஓரத்தில் சுருக்கொப்பம் இருந்தது. இப்போது இரண்டு ஊழியர் எண்கள் இருக்கின்றன. பத்து வருஷம் கழித்து ஒரு தப்பு வெளிப்பட்டாலும் ‘இதைப் போட்டது யார், பார்த்தது யார்’ என்று கேட்கலாம்; பதில் கிடைக்கும். எண்கள் தாமாகப் பிறப்பதில்லை என்பதை நான் புத்தகங்களில் படிப்பதற்கு முன் இங்கேதான் கற்றுக்கொண்டேன்.

இதற்கு நேர் எதிரானதையும் இங்கேதான் கற்றேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்விக்கடன் விண்ணப்பத்துக்கு மறுப்புக் கடிதம் நான் தயாரித்தேன். ‘விதிமுறைகளின்படி பரிசீலிக்க இயலவில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது.’ பையனின் தாயார் அந்தக் கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நேரில் வந்தார். கோபம் எதுவும் இல்லை. ‘ஏன் தம்பி, முடியலைன்னு சொன்னது யாரு? அவங்களைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன்’ என்றார். நான் மாடியைக் காட்டினேன். மாடியில் இருந்தவர்கள் மண்டல அலுவலகத்தைக் காட்டியிருப்பார்கள். மண்டல அலுவலகம் ஒரு மதிப்பெண்ணைக் காட்டியிருக்கும். யாரோ ஒருவர் ஒரு நாள் ஒரு மேஜையில் உட்கார்ந்து ‘இதற்குக் கீழே இருந்தால் வேண்டாம்’ என்று ஒரு கோடு போட்டிருக்கிறார். அந்த மேஜை எங்கே இருக்கிறதென்று எனக்கும் தெரியாது.

இந்தக் கட்டுரை கோடு போடுகிறவர்களைப் பற்றியது. அதையே ஆயுள் முழுவதற்குமான தொழிலாகக் கொண்ட ஒரு வகை மனிதர்கள் இந்த நூறு வருஷங்களில் தோன்றியிருக்கிறார்கள். காற்றிலோ நீரிலோ இன்ன பொருள் இத்தனை இருந்தால் எத்தனை பேருக்கு என்ன நேரும் என்று கணக்கிடுவது. அந்தக் கணக்கை வைத்து ‘இதற்கு மேல் கூடாது’ என்று விதி செய்வது. பிறகு ஒரு பல்கலைக்கழகத்தில் அமர்ந்து அடுத்த தலைமுறைக்கு அதைச் சொல்லித் தருவது. சுற்றுச்சூழல் அபாயக் கணிப்பு, கட்டுப்பாடு, போதனை என்று மூன்று பெயர் சொன்னாலும் பெரும்பாலும் இது ஒரே வாழ்க்கைதான். இந்த வாழ்க்கையைப் பற்றி எனக்குள்ள கேள்வி இது: முகம் தெரியாத ஒருவனின் சாவைக் கணக்கில் எழுதுகிறவனுக்கு அந்தச் சாவில் பங்கு உண்டா? உண்டு என்றால், எழுதாமல் விட்டவனுக்கு?

இலக்கியப் பத்திரிகையில் இது எதற்கு என்று கேட்கப்போகும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். தத்துவ விசாரத்தை அந்தரத்தில் நடத்துவதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன்: ஈயம். ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்கா. இந்தத் தொழில் உருவானதும், இதன் எல்லாப் புண்ணியங்களும் பாவங்களும் ஏட்டில் பதிவானதும் அங்கேதான்.

2

ஆலிஸ் ஹாமில்டன் 1869-இல் பிறந்தவர். 1893-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1897-இல் சிகாகோவில், ஜேன் ஆடம்ஸ் ஏழைக் குடியேறிகளின் நடுவே நடத்திவந்த ஹல் ஹவுஸ் இல்லத்துக்குக் குடிவந்தார். அங்கேதான் அவர் தொழிற்சாலைகளிலிருந்து வீடு திரும்பும் மனிதர்களைப் பார்த்தார். மணிக்கட்டு தளர்ந்து கை தொங்கிப்போனவர்களும் வயிற்று வலியில் சுருண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். இதற்கெல்லாம் பெயர் இருந்தது. ஐரோப்பாவில் இதைப் பற்றிப் புத்தகங்களே இருந்தன. அமெரிக்காவில் மட்டும் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1910-இல் இல்லினாய் மாநிலம் தொழில்நோய்களைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடத்தியபோது பொறுப்பு அவரிடம் வந்தது. ஈயத்தை அவர் தமக்கென்று எடுத்துக்கொண்டார். அவருடைய கணக்கு காலால் நடந்து போட்ட கணக்கு. ஆஸ்பத்திரிப் பதிவேடுகள், மருத்துவர்கள், மருந்துக் கடைக்காரர்கள், தொழிற்சங்கத்தார், கடைசியில் வீடுகள். ஈயம் புழங்கும் தொழில் முறைகள் எழுபதுக்கு மேல் என்று அவர் கண்டார். அவற்றில் பலவற்றை யாரும் சந்தேகித்திருக்கவில்லை.

ஒரு சம்பவத்தை அவரே தம் சுயசரிதையில் சொல்கிறார். ஆஸ்பத்திரியில் ஒரு போலந்துக்காரர், குளியல் தொட்டிக்கு எனாமல் பூசுகிறவர், ஈய விஷத்தின் எல்லா அடையாளங்களோடும் கிடக்கிறார். ஹாமில்டன் தொழிற்சாலைக்குப் போய்ப் பார்க்கிறார். அபாயமாக ஒன்றும் தென்படவில்லை. திரும்பவும் அந்தத் தொழிலாளியிடம் போகிறார். அப்போதுதான் தெரிகிறது, அவருக்குக் காட்டியது கடைசி மெருகு பூசும் இடம் மட்டும் என்று. பழுக்கக் காய்ந்த தொட்டியின் மீது எனாமல் பொடியைத் தூவும் வேலை வேறோர் இடத்தில் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பொடிதான் மூச்சில் போனது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அவர் திரும்பிப்போன அந்த இரண்டாவது நடை. முதல் நடையிலேயே ‘ஆதாரம் கிடைக்கவில்லை’ என்று எழுதியிருக்கலாம். பொய்யாகாது. கண்ணால் கண்டதைத்தான் எழுதினேன் என்று சத்தியம் செய்திருக்கலாம். ஆனால் அந்த மனிதனின் தொங்கும் கையும் ஒரு ஆதாரம் என்று அவர் நினைத்தார்.

1911 முதல் மத்திய அரசின் தொழில் துறைக்காக இதே வேலை. தொழிற்சாலைக்குள் நுழைய அவருக்குச் சட்ட அதிகாரம் கிடையாது. மாதச் சம்பளமும் கிடையாது. அறிக்கை முடிந்தால் அதற்கு விலை தருவார்கள். கையில் இருந்தது வற்புறுத்தும் திறன் ஒன்றுதான். வெள்ளை ஈயம் செய்யும் பெரிய நிறுவனம் ஒன்றின் உயர் அதிகாரி, தம் ஆட்கள் விஷத்துக்கு ஆளாகிறார்கள் என்பதை நம்ப மறுத்தார். நிரூபித்தால் ஆவன செய்வதாகச் சொன்னார். ஹாமில்டன் 22 பேரின் விவரங்களோடு திரும்பிவந்தார். அந்த மனிதரும் சொன்ன சொல் காத்தார். தூசியையும் புகையையும் அடக்க ஏற்பாடு செய்தார், தொழிலாளரைப் பரிசோதிக்க மருத்துவர்களை வைத்தார்.

இது ஒரு பொற்காலக் கதை போலத் தொனிக்கலாம். இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. 22 பேருக்கும் முகம் இருந்தது, வீடு இருந்தது, எந்த வாயில் வழியாக வேலைக்குப் போனார்கள் என்று தெரிந்திருந்தது. பாதிக்கப்பட்டவனுக்கும் பாதித்தவனுக்கும் நடுவே ஒரு நேர்கோடு இருந்தது. அந்தக் கோடு இருக்கும்வரை அறம் சுலபம் என்று சொல்லவில்லை. கேள்வியாவது சுலபமாக இருந்தது.

3

அந்தக் கோடு அறுந்த வருஷம் என்று 1925-ஐச் சொல்லலாம்.

மோட்டார் எஞ்சினில் எழும் தட்டல் சத்தத்தை டெட்ரா எதில் லெட் என்ற ஈயச் சேர்மம் அடக்கிவிடும் என்று 1921-இல் கண்டுபிடித்தார்கள். 1923-இல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்ஸியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கி, பிதற்றி, சிலர் கட்டிவைக்கப்பட்ட நிலையில், ஐந்து பேர் இறந்துபோனார்கள். பத்திரிகைகள் கூச்சலிட்டன. 1925 மே 20-இல் அரசின் தலைமை மருத்துவ அதிகாரி வாஷிங்டனில் ஒரு மாநாடு கூட்டினார். கம்பெனித் தரப்பில் இந்தப் பொருள் ஏறக்குறைய கடவுள் தந்த கொடை என்றார்கள். ஹாமில்டன் எழுந்து பேசினார். ஒரு தொழிற்சாலைக்குள் நிலைமையைக் கட்டுப்படுத்தலாம், தேசம் முழுவதையும் எப்படிக் கட்டுப்படுத்துவீர்கள் என்பது அவருடைய கேள்வியின் சாரம்.

இந்தக் கேள்விக்கு அப்போது யாரிடமும் பதில் இல்லை. அதாவது, அவரிடமும் ஆதாரம் இல்லை. அவர் கொண்டுவரக்கூடிய 22 பேர் இந்த முறை இல்லை. தெருவில் நடக்கிறவர்கள் யாரும் இன்னும் விழவில்லை. ஒரு நிபுணர் குழு அமைத்தார்கள். குழு டேடன், சின்சினாட்டி நகரங்களில் டிரைவர்களும் கராஜ் தொழிலாளர்களுமாக 252 பேரைச் சில மாதங்களில் பரிசோதித்தது. 1926 ஜனவரியில் அறிக்கை தந்தது. ஈயப் பெட்ரோலைத் தடை செய்யப் போதிய காரணம் இல்லை. அதே குழு, உபயோகம் பரவினால் நிலைமை மாறக்கூடும், நீண்ட காலம் கவனிக்க வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்றும் எழுதியது. முதல் வாக்கியத்தை எல்லோரும் படித்தார்கள். இரண்டாவதை ஏட்டிலேயே விட்டுவிட்டார்கள். அடுத்த நாற்பது வருஷ ஆராய்ச்சி பெரும்பாலும் தொழில்துறையின் பணத்தில், ராபர்ட் கீஹோ என்ற மருத்துவரின் தலைமையில் நடந்தது.

கீஹோவை வில்லனாக்கிவிட்டால் என் வாதம் சுலபமாகிவிடும், ஆனால் பயனற்றதாகிவிடும். தொழிற்சாலைகளுக்குள் ஈய விஷத்தைக் குறைக்க அவர் உழைத்தார். ரத்தத்தில் ஈயத்தை அளக்கும் முறைகளைச் செம்மைப்படுத்தினார். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: கேடு விளைந்தது என்று காட்டுங்கள், அப்போது நிறுத்துவோம். விஞ்ஞானி கேட்க வேண்டிய நியாயமான கேள்வியாகத்தான் இது தோன்றும். மெக்ஸிகோவில் மோட்டாரே அதிகம் போகாத கிராமத்து ஜனங்களின் உடலிலும் ஈயத்தை அவர் கண்டார். அவர்களுடைய பாண்டங்களின் மெருகில் ஈயம் இருந்தது. ஆகவே மனித உடலில் ஈயம் இருப்பது இயற்கை என்றார். 1965-இல் கிளேர் பாட்டர்ஸன் ஒரு பதில் சொன்னார். பூமியின் வயதைக் கணித்த அதே மனிதர். அதற்காக ஈயத்தை நுட்பமாக அளக்கப்போய், எங்கு பார்த்தாலும் ஈயம் படிந்திருப்பதைக் கண்டு திகைத்தவர். சகஜமாக இருப்பது வேறு, இயற்கையாக இருப்பது வேறு என்பதே அவர் சொன்னது. எல்லோர் உடலிலும் இருக்கிறது என்பதால் அது இருக்கத்தான் வேண்டும் என்று ஆகாது.

இலக்கிய விமர்சனம் எழுதும் நமக்கு இந்த வித்தியாசம் புரியக் கஷ்டமில்லை.

சந்தேகம் என்பது சும்மா நிற்பதில்லை. அது யாராவது ஒருவர் தலையில் போய் இறங்கும். ‘போதிய காரணம் இல்லை’ என்று 1926-இல் எழுதிய வாக்கியம் ஒரு விஞ்ஞான வாக்கியம் மாதிரி இருக்கிறது. உண்மையில் அது ஒரு தீர்ப்பு. நமக்குத் தெரியாதவற்றின் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டாம், தெருவில் மூச்சுவிடுகிறவன் ஏற்கட்டும் என்ற தீர்ப்பு. இப்படிப் பச்சையாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போட அந்தக் குழுவினரில் எத்தனை பேர் முன்வந்திருப்பார்கள்? அந்த நிபுணர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. வாக்கியத்தின் அமைப்பு அவர்களைக் காப்பாற்றிவிட்டது.

4

தமிழில் செயப்பாட்டு வினைக்கு நாம் ‘படு’ என்ற சொல்லைச் சேர்க்கிறோம். ‘இந்த அளவு அனுமதிக்கப்படுகிறது.’ செய்தவன் வாக்கியத்தை விட்டுப் போய்விடுகிறான். எஞ்சி நிற்பது ‘படு’. அவதிப்படு, கஷ்டப்படு என்பதிலும் இதே சொல்தான். அனுமதித்தவன் யார் என்று தெரியாது. படுகிறவன் மட்டும் எங்கோ இருக்கிறான். அபாயக் கணிப்பின் மொழி உலகம் முழுவதும் இந்த இலக்கணத்தில்தான் எழுதப்படுகிறது. பாருங்கள், நானே எழுதிவிட்டேன்.

இந்த மொழியின் பிரசித்தமான வாசகம் ‘பத்து லட்சத்தில் ஒன்று’. ஒரு பொருளை ஆயுள் முழுவதும் உட்கொண்டால் புற்றுநோய் வரும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்குக் கீழே இருந்தால் போகட்டும் என்று விடலாம். இது எங்கிருந்து வந்தது? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1973-இல், கால்நடைகளுக்குத் தரும் மருந்துகள் இறைச்சியில் தங்குவது சம்பந்தமாக, பத்துக் கோடியில் ஒன்று என்று ஒரு கோட்டை முன்மொழிந்தது. 1977-இல் அதே கோடு பத்து லட்சத்தில் ஒன்றாக இறுதியானது. இடையில் மனித உடம்பு நூறு மடங்கு வலுவடைந்துவிடவில்லை. நடைமுறைக்கு ஒத்துவரும் என்று சிலர் நினைத்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் நினைத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அது பிறகு பாடப் புத்தகங்களிலும் அலுவலகங்களிலும் ஏதோ இயற்கை விதி போல உலவத் தொடங்கியதே, அதைத்தான் சொல்கிறேன். கோடு போட்டவர்களின் சுருக்கொப்பம் அழிந்துபோயிற்று.

ஆகவே எண்ணே பாவம், முகம்தான் அறம் என்ற முடிவுக்கு நம்மில் பலர் ஆசையோடு வந்துவிடுவார்கள். எழுத்தாளர்களுக்கு இது பிடித்தமான முடிவு. தனிமனிதனின் வேதனைதான் நிஜம், புள்ளிவிவரம் அதிகாரத்தின் மொழி என்று எத்தனை கட்டுரைகள் படித்திருக்கிறோம்! நானும் ஒன்றிரண்டு எழுதியிருக்கிறேன். இப்போது அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

திருவாரூர்க் கதையில் பசுவுக்கு ஒரு வசதி இருந்தது. தன் கன்று எந்தத் தேர்க்காலில் அடிபட்டது என்று அதற்குத் தெரியும். மணி எங்கே தொங்குகிறது என்றும் தெரியும். மனுநீதிச் சோழனின் நீதி எவ்வளவு கடுமையானதானாலும், குற்றம் கண்ணுக்குத் தெரிகிற உலகத்தின் நீதி அது. நான் சிறுவனாக இருந்தபோது அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு பள்ளிக்கூடம் போவேன். சிக்னலில் முன்வண்டியின் புகை நேராக என் முகத்துக்கு வரும். அந்த வாசனை எனக்குப் பிடிக்கவும் செய்தது. இந்தியாவில் பெட்ரோலிலிருந்து ஈயத்தை நீக்கி முடித்தது 2000-இல். அதற்கு முந்தைய வருஷங்களில் என் மூளையிலிருந்து ஏதாவது போயிற்றா, எவ்வளவு போயிற்று, போகாமல் இருந்திருந்தால் நான் யாராக இருந்திருப்பேன் என்று எந்த வைத்தியனாலும் சொல்ல முடியாது. எந்தத் தேர் என்று எனக்குத் தெரியாது. அடிபட்டேனா என்பதே தெரியாது. நான் எந்த மணியை அடிப்பது?

எனக்காக அதை அடிக்கக்கூடியவன் கணக்குப் போடுகிறவன் ஒருவன்தான். ஆயிரம் குழந்தைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அந்தக் காயம் கண்ணுக்குத் தெரியும். 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மனும் சகாக்களும் குழந்தைகளின் விழுந்த பால்பற்களில் இருந்த ஈயத்தை அளந்து, அதிக ஈயம் இருந்தவர்கள் அறிவுச் சோதனைகளிலும் வகுப்பறை நடத்தையிலும் பின்தங்குவதைக் காட்டினார்கள். எந்த ஒரு குழந்தையையும் சுட்டி ‘இவன் ஈயத்தால் பின்தங்கினான்’ என்று அவர்களால் சொல்லியிருக்க முடியாது. எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்ல முடிந்தது. அந்த மணிக்கு ஆராய்ச்சி மணி என்று பெயர் வைத்தவர்கள், அந்தச் சொல் ஒரு நாள் இந்த வேலைக்கும் வந்து சேரும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

5

இனி எண் என்ன செய்தது என்று பார்க்கலாம்.

1970 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்ஸி வேலையைத் தொடங்கியது. 1973-இல் அது பெட்ரோலில் ஈயத்தைப் படிப்படியாகக் குறைக்க விதி செய்தது. கம்பெனிகள் வழக்குத் தொடர்ந்தன. 1976-இல் வாஷிங்டன் அப்பீல் கோர்ட் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் விதியை உறுதி செய்தது. கேடு விளைந்து முடிந்ததை நிரூபித்த பிறகுதான் தடுக்கலாம் என்பதில்லை; அபாயம் உண்டு என்று நியாயமாக முடிவு கட்டினால் முன்கூட்டியே தடுக்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு சந்தேகம் இடம் மாறி உட்கார்ந்தது. ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில்.

ரீகன் நிர்வாகம் வந்ததும் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் பேச்சு எழுந்தது. லாப நஷ்டக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அந்த நிர்வாகத்தின் கோட்பாடு. ஏஜென்ஸிக்குள் கணக்குப் போட்டவர்களில் முக்கியமானவர் ஜோயல் ஷ்வார்ட்ஸ், பௌதிகம் படித்தவர். பெட்ரோலில் ஈயம் குறைந்த அதே போக்கில் ஜனங்களின் ரத்தத்திலும் குறைந்திருப்பது அவர்களுக்குத் தெரிந்தது. 1976-க்கும் 1980-க்கும் நடுவே சராசரி சுமார் 37 சதவீதம் இறங்கியிருந்தது. குழந்தைகளின் சிகிச்சைச் செலவு, விசேஷப் படிப்புக்கான செலவு, வண்டிகளின் பராமரிப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, ஈயத்தை நீக்குவதன் லாபம் செலவை எங்கோ தாண்டிப் போயிற்று. தளர்த்துவதற்காக எடுத்த தராசு இறுக்கச் சொன்னது. 1985-இல் புதிய விதி வந்தது. காலனுக்கு 1.1 கிராம் என்பது 1986 ஜனவரி முதல் 0.1 கிராம் ஆயிற்று. ஷ்வார்ட்ஸ் பிற்பாடு ஹார்வர்டின் பொதுச் சுகாதாரப் பள்ளியில் ஆசிரியரானார். கணிப்பு, கட்டுப்பாடு, போதனை என்ற வாழ்க்கைக்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

அதே தராசு வேறு நாட்களில் வேறு விதமாகவும் நின்றது. 2003-இல் அதே ஏஜென்ஸியின் ஒரு கணக்கில், எழுபது வயதைத் தாண்டியவரின் உயிருக்கு மற்றவர் உயிரைவிட 37 சதவீதம் குறைந்த மதிப்புப் போட்டிருந்தது வெளியே தெரிந்தது. முதியவர்கள் கொதித்தெழுந்தார்கள், அந்த மே மாதமே அந்த முறையை உபயோகிக்கப் போவதில்லை என்று ஏஜென்ஸியின் தலைவர் அறிவித்தார். ஒரு இடத்தில் குழந்தையின் ரத்தத்தில் இறங்கியது, இன்னொரு இடத்தில் கிழவியின் உயிரில் தள்ளுபடி செய்தது, இரண்டும் 37. தற்செயல்தான். எண்ணுக்கு அறம் கிடையாது என்று நினைவூட்டிக்கொள்ள மட்டும் இதைக் குறிப்பிடுகிறேன்.

இடையில் ஒருவர் வித்தியாசமாக ஒன்று செய்து பார்த்தார். 1983-இல் ஏஜென்ஸியின் தலைவராகத் திரும்பிவந்திருந்த வில்லியம் ரக்கல்ஷாஸ். வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா நகரத்தருகே ஒரு தாமிர உருக்காலை. அதன் புகையில் ஆர்ஸெனிக். சுமார் 570 பேருக்கு வேலை. இருக்கும் நிலையில் வருஷத்துக்கு நான்கு பேர்வரை புற்றுநோயில் சாகக்கூடும். கிடைக்கும் மிகச் சிறந்த சாதனங்களைப் பொருத்தினாலும் ஒருவர் சாகக்கூடும். அதற்கும் கீழே போக வேண்டுமானால் ஆலையை மூட நேரிடலாம் என்று அப்போதைய கணக்கு சொன்னது. ரக்கல்ஷாஸ் இந்தக் கணக்கை அப்படியே ஊரார் முன் வைத்து, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். நியூ யார்க் டைம்ஸ் அவரை ஸீஸராக வர்ணித்துத் தலையங்கம் எழுதியது. ஜனங்களைப் பார்த்து உயிரா வேலையா என்று கேட்பது அதிகாரி தன் கடமையைக் கைகழுவுவது என்பது குற்றச்சாட்டு. டகோமாவில் சிலர் சட்டையில் ஒரு வில்லை குத்திக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார்கள். அதில் எழுதியிருந்த ஒரே சொல்: ‘இரண்டும்’.

ஆலை 1985-இல் மூடியது. அதில் தாமிரத்தின் விலைக்கும் பெரிய பங்கு உண்டு. வேலையும் போயிற்று, மண்ணில் ஆர்ஸெனிக்கும் தங்கிற்று. இதை வைத்து ரக்கல்ஷாஸ் தோற்றார் என்று சொல்லலாம். நான் அவர் பக்கம். தலையங்கக்காரர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. முடிவின் பாரத்தை பலவீனமானவன் தோளில் இறக்குவது அநியாயம்தான். ஆனால் அதுவரையில் அதே முடிவுகள் அறைகளுக்குள் நடந்துகொண்டுதான் இருந்தன. வருஷத்துக்கு ஒருவர் என்ற எண் ஒரு கோப்பில், ஒரு பின்னிணைப்பில், செயப்பாட்டு வினையில் இருந்திருக்கும். அதை வெளியே எடுத்து, இது என் மேஜையில் இருக்கிறது, இதற்குக் கீழே என் பெயர் வரப்போகிறது என்று சொன்னவர் அவர். ‘இரண்டும்’ என்ற பதில் கணக்கில் சேராது. ஆனால் கேள்வியே தவறு என்று கணக்காளனிடம் நேருக்கு நேர் சொல்ல ஊராருக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. அதற்கு எதிரில் ஒரு ஆள் நிற்க வேண்டியிருந்தது.

6

கடைசியாகப் போதனை. இந்த வாழ்க்கை ஏன் வகுப்பறையில் போய் முடிகிறது? ஓய்வு, சம்பளம், கௌரவம் என்று சொல்லி நிறுத்திவிடலாம். ஹாமில்டன் விஷயத்தில் கௌரவம் என்று சொல்ல வாய் வராது. 1919-இல் ஹார்வர்டு அவரை உதவிப் பேராசிரியராக எடுத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களில் முதல் பெண். மூன்று நிபந்தனைகள்: ஆசிரியர் கிளப்பில் நுழையக் கூடாது, கால்பந்து டிக்கெட் கேட்கக் கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடந்து மேடையேறக் கூடாது. 1935-இல் ஓய்வு பெறும்போதும் அவர் உதவிப் பேராசிரியர்தான்.

எனக்குப் படும் காரணம் வேறு. ஒரு கோப்புக்கு முடிவுதான் தேவை. கோர்ட்டுக்கும் அதுவே. சந்தேகத்தை உரக்கச் சொன்னால் எதிர்க்கட்சி வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வான். வகுப்பறையில் மட்டும்தான் ஒருவன் எழுந்து நின்று ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்கலாம். அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த இடத்தில் தெரியாமல்தான் கோடு போட்டேன், இந்தப் பக்கம் போடலாம் என்று தீர்மானித்தது நான், காரணம் இது என்று சொல்லலாம். அழிந்துபோன சுருக்கொப்பத்தை மறுபடியும் போடக்கூடிய இடம் அது. அப்படிச் சொல்லித் தராமல் சூத்திரத்தை மட்டும் சொல்லித் தருகிற ஆசிரியன், 1926-ஆம் வருஷத்து வாக்கியத்தைப் பிரதி எடுத்து விநியோகிக்கிறான்.

ஹாமில்டன் 1970 செப்டம்பரில், நூற்றியொரு வயதில் இறந்தார். அந்த வருஷ முடிவுக்குள் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டமும், பெட்ரோல் ஈயத்தின் மேல் கைவைக்க வழி தந்த காற்றுத் தூய்மைச் சட்டமும் கையெழுத்தாயின. 1925-இல் அவர் கேட்ட கேள்விக்கு உலகம் பதில் சொல்லி முடித்தது 2021-இல், கடைசி நாடாக அல்ஜீரியா ஈயப் பெட்ரோல் விற்பதை நிறுத்தியபோது. இடைப்பட்ட தொண்ணூற்றாறு வருஷங்களில் மூச்சுவிட்டவர்களுக்கு, நான் உட்பட, அந்தப் பதிலால் பிரயோசனமில்லை.

இப்போது நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். விமர்சகனும் கோடு போடுகிறவன்தான். இது தேறும், இது தேறாது என்று நிரூபிக்க முடியாத ஒன்றைச் சொல்கிறான். அவனுடைய எழுத்திலும் ‘என்று கருதப்படுகிறது’, ‘பரவலாக ஏற்கப்பட்டுள்ளது’ என்றெல்லாம் வருகிறது. கருதியவன் யார்? ஏற்றவர்கள் எத்தனை பேர்? ஒரு கவிஞனை இருபது வருஷம் படிக்காமல் விடச் செய்த வாக்கியங்கள் நம் பத்திரிகைகளில் யார் பெயரும் இல்லாமல் கிடக்கின்றன. தீர்ப்புச் சொல்லாதே என்பது என் கட்சியில்லை. ஹாமில்டனும் சொன்னார், கீஹோவும் சொன்னார். தெரியாததன் செலவை யார் தலையில் கட்டுகிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும், சொன்னவன் எதிரில் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஒரு அறத்தை இந்தத் தொழில்களில் என்னால் எதிர்பார்க்க முடியவில்லை. அதற்குக் குறைவானதை ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை.

அன்று அந்தத் தாயாருக்கு நான் மாடியைக் காட்டியிருக்கக் கூடாது. கோடு போட்டது யாரென்று எனக்குத் தெரியாதம்மா, ஆனால் இந்தக் கடிதத்தை எழுதியது நான்தான், சொல்ல வந்ததை என்னிடம் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். கடன் கிடைத்திருக்காது. அவர் சொல்ல வந்த அந்த ஒரு வார்த்தை என்னவென்று யாராவது ஒருவராவது கேட்டிருப்போம்.